வேண்டாமற்போன ஊர்வனவும் அவற்றின் இரண்டாம் வீடும்

வளர்ப்பு விலங்குகள் கைவிடப்படுவதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நாயிலும் பூனையிலும் தொடங்கி அவற்றோடேயே முடிந்துவிடுகிறது. ஆமை, பாம்பு, பல்லி, இகுவானா முதலிய ஊர்வன வீடுகளுக்குள் வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், அவை வேண்டாமற்போகும்போது எங்கே செல்கின்றன என்ற கேள்வி மிகப் பிந்தியே எழுந்தது. இந்த மௌனத்துக்கு ஒரு காரணம் அவ்வுயிரினங்களின் இயல்பிலேயே இருக்கிறது. கைவிடப்பட்ட நாய் தெருமுனையில் நிற்கும், ஊளையிடும், பழைய வீட்டைத் தேடி வரும். கைவிடப்பட்ட ஆமையோ நீருக்குள் அமிழ்ந்த கணத்திலேயே கண்ணிலிருந்து மறைந்துவிட, விட்டவரும் அது நலமாக இருக்கும் என்று நம்பி வீடு திரும்பிவிடுகிறார். அந்த நம்பிக்கை இரண்டு வகையில் பொய்த்துப்போகிறது: ஒன்று, தொட்டியில் வளர்ந்த விலங்கு பசியாலும் குளிராலும் நோயாலும் மடிகிறது, அல்லது பிழைத்து நிலைகொண்டு, அந்த நீர்நிலைக்கே உரிய உயிரினங்களை நெருக்கத் தொடங்குகிறது. இவ்விரண்டுக்கும் வெளியே இன்னொரு வழி உண்டு. வளர்க்க இயலாதவர் அதை முறையாகக் கையளிக்க, வளர்க்கும் தகுதியுள்ள வேறொருவர் ஏற்றுக்கொள்வதே அது. கையளிப்பதை ஒப்படைப்பு என்றும் ஏற்பதைத் தத்தேற்பு என்றும் இங்கே வழங்கலாம். விற்பனையை நிறுத்தும் நன்னோக்கத்தோடு எழுந்த சட்டங்களுள் சில, இந்த வழியையும் சேர்த்து அடைத்துவிட்டிருக்கின்றன என்பதால், அது எங்கே திறந்திருக்கிறது, எங்கே அடைபடுகிறது என்று பார்ப்பது இன்று அவசியமாகிறது.

இந்த வரலாற்றின் மையத்தில் இருப்பது ஓர் ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையையும் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய நிலங்களையும் தாயகமாகக் கொண்ட சிவப்புக்காது ஆமை, கண்ணுக்குப் பின்னால் ஓடும் செந்நிறப் பட்டையால் அப்பெயர் பெற்றது. முட்டையிலிருந்து வெளிவரும்போது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமும் பளிச்சென்ற பச்சை நிறமும் கொண்டு உள்ளங்கையில் அடங்கும் இந்தக் குஞ்சு, சில ஆண்டுகளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டி ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவை எட்டுகிறது. பெண் ஆமைகள் அதற்கு மேலும் வளர்கின்றன. நன்கு பேணப்பட்டால் 30 ஆண்டுகள் வாழ்வது இதற்கு வியப்பில்லை. வளர வளரப் பச்சை மங்கி ஓடு கருமை கொள்கிறது, நீர் நாள்தோறும் கலங்குகிறது, கடிக்கும் வலிமையும் கூடுகிறது. வாங்கியவர் வாங்கியது குஞ்சை; அவர் வீட்டில் இருப்பது பெரிய ஆமை. ஒப்படைப்பு நிலையங்களுக்கு வந்து சேரும் ஊர்வனவற்றுள் பெரும்பாலானவற்றின் கதை இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது.

1970களின் தொடக்கத்தில் இந்தக் குஞ்சுகள் அமெரிக்கக் கடைகளில் மலிவாகக் குவிந்திருந்தபோது, சிறு குழந்தைகளுக்குச் சால்மொனெல்லா என்னும் குடல் நோய்க்கிருமி அவற்றிலிருந்து தொற்றுவது கண்டறியப்பட்டது. ஆமையின் குடலில் தீங்கின்றி வாழும் அக்கிருமி, ஆமையை வாயில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்கு உயிராபத்தாக முடியலாம். எனவே 1975இல் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மேலோட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்பதைத் தடை செய்தது. வாயில் நுழையாத அளவுள்ள ஆமையையே விற்கலாம் என்பது அதன் கருத்து. பொதுநலத்தில் அந்தத் தடை பெரும் பலன் தந்தது. ஆனால் ஏற்றுமதிக்கு அதில் விலக்கு இருந்தது. உள்நாட்டுச் சந்தையை இழந்த லூசியானா மாநிலத்து ஆமைப் பண்ணைகள் வெளிநாடுகளை நோக்கித் திரும்பின. 1989 முதல் 1997 வரையிலான காலத்தில் மட்டும் 5 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்புக்காது ஆமைகள் அமெரிக்காவிலிருந்து வெளியேறின. ஒரு நாட்டின் குழந்தைகளைக் காத்த விதி, பல நாடுகளின் குளங்களுக்கு விருந்தாளியை அனுப்பி வைத்ததை அன்று யாரும் எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அந்த விருந்தாளி செய்வது என்ன என்பதைப் பிரான்சில் காடி, ஜோலி என்னும் இரு ஆய்வாளர்கள் 2003, 2004ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட சோதனைகள் தெளிவாக்கின. ஆமை உணவைச் செரிக்கவும் நோயை எதிர்க்கவும் வெயிலில் உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். அதற்குரிய மரக்கட்டையும் கல்லும் ஒரு குளத்தில் சிலவே இருக்கும். ஐரோப்பியக் குளத்து ஆமைகளோடு சிவப்புக்காது ஆமைகளைச் சேர்த்து வைத்தபோது, நல்ல வெயில் திட்டுகளை வந்தவையே பிடித்துக்கொண்டன. கலந்து வைக்கப்பட்ட குழுக்களில் உள்ளூர் ஆமைகள் எடை குறைந்தன, கூடுதலாக இறந்தன. சண்டையோ இரத்தமோ இல்லை. உட்கார இடம் கிடைக்காமையே ஓர் இனத்தைத் தேய்த்துவிடப் போதுமானதாக இருந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு தொகுத்த உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இந்த ஆமை இடம்பெற்றிருப்பதற்கு இத்தகைய சான்றுகளே பின்புலம்.

ஆமைக்கு நேர்ந்தது பிற ஊர்வனவற்றுக்கும் வேறு அளவுகளில் நேர்ந்திருக்கிறது. ஒரு சாணுக்குச் சற்று மிகுந்தோ குறைந்தோ உள்ள பச்சை இகுவானாக் குஞ்சு, ஒன்றரை மீட்டர் நீளமுள்ள, இனப்பெருக்கப் பருவத்தில் வளர்த்தவரையே தாக்கக்கூடிய ஆண் விலங்காகிறது. சகாரா பாலைவனத்தின் தென் விளிம்பைச் சேர்ந்த சல்கேட்டா ஆமை, கலாபகசு, அல்டாப்ரா தீவுகளின் பேராமைகளுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பெரிய நில ஆமை. எலுமிச்சம்பழ அளவில் வாங்கப்படும் அது 40 கிலோவைக் கடந்து, தோட்டத்து மண்ணில் ஆள் நுழையும் அளவுக்கு வளை தோண்டுகிறது. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து சந்தைக்கு வந்த பந்து மலைப்பாம்பு உருவில் சிறியதுதான். ஆனால் அதன் ஆயுள் வாங்குபவரின் கணக்கை மீறுகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிசாலையில் குறைந்தது 62 வயதான பந்து மலைப்பாம்பு ஒன்று 2020இல் முட்டையிட்டது. பள்ளி மாணவனுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கித் தரப்படும் பாம்பு, அவன் ஓய்வு பெறும் வயதிலும் உயிரோடிருக்கக்கூடும் என்பதை எந்தக் கடையும் எழுதி ஒட்டுவதில்லை.

வேண்டாமற்போன ஊர்வன ஒரு நிலத்தையே மாற்றியமைத்த இடம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம். ஒப்படைப்பும் தத்தேற்பும் அரசுத் திட்டமாக உருப்பெற்ற இடங்களுள் அதுவும் ஒன்று. 1996க்கும் 2006க்கும் இடையில் ஏறத்தாழ 99,000 பர்மிய மலைப்பாம்புகள் அமெரிக்காவுக்கு இறக்குமதியாயின. குட்டியாக இருக்கையில் அரை மீட்டர் நீளமே உள்ள இப்பாம்பு 5 மீட்டருக்கும் மேல் வளர்கிறது. அந்த அளவுள்ள பாம்பை வீட்டில் வைத்துப் பேண மிகச் சிலருக்கே வசதியும் துணிவும் உண்டு. 1992இல் வீசிய ஆண்ட்ரூ புயலில் இடிந்த வளர்ப்புக்கூடங்களிலிருந்து தப்பியவையே எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகின என்று பரவலாகச் சொல்லப்பட்டாலும், அதற்கு முன்பே அங்கே பாம்புகள் காணப்பட்டிருப்பதால், வளர்த்தவர்கள் விட்டவையும் தப்பியவையும் பல ஆண்டுகளாகச் சேர்ந்தே அந்தக் கூட்டம் உருவானது என்று கொள்வதே பொருத்தம். விளைவைப் பற்றி ஐயமில்லை. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, மலைப்பாம்பு நெடுங்காலம் வாழ்ந்த பகுதிகளில் ரக்கூன் காணப்படுவது 99.3 விழுக்காடும், ஒப்போசம் என்னும் பையுடைய விலங்கு காணப்படுவது 98.9 விழுக்காடும் குறைந்துவிட்டதைக் காட்டியது. அதே ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு அப்பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது.

ஆனால் புளோரிடாவின் மீன் மற்றும் வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையம், இறக்குமதித் தடைக்கு ஆறு ஆண்டுகள் முன்னதாக 2006இலேயே வேறொன்றைச் செய்துவிட்டிருந்தது. அயல்நாட்டு வளர்ப்பு விலங்குகளுக்கான பொதுமன்னிப்புத் திட்டம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். பாம்போ பல்லியோ பறவையோ வைத்திருப்பவர், அதை உரிமமின்றி வைத்திருந்தாலும், சட்டத்துக்குப் புறம்பாக வாங்கியிருந்தாலும், ஆணையத்திடம் ஒப்படைக்கலாம். தண்டனை இல்லை, கட்டணமும் இல்லை. தொடக்கத்தில் குறிப்பிட்ட நாள்களில் நடந்த முகாம்கள் இந்தத் திட்டத்தை மக்களிடம் கொண்டுசேர்த்தன. பின்னர் ஆண்டு முழுவதும் ஒப்படைக்கும் ஏற்பாடு வந்தது. ஏற்பவர் முன்கூட்டியே விண்ணப்பித்து, அந்த இனத்தை வளர்க்கும் அறிவும் இடமும் தனக்கு உண்டு என்று காட்டி, ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். உரிமம் தேவைப்படும் இனமானால் உரிமமும் வேண்டும்.

இந்தத் திட்டத்தின் நுட்பம் மன்னிப்பில் இருக்கிறது. விலங்கைக் கைவிடுபவரை இதயமற்றவராகக் கருதுவது எளிது. உண்மையில் அவருள் பலர் அஞ்சியவர்கள். வைத்திருப்பது குற்றமோ என்ற அச்சம், அதிகாரியிடம் போனால் விலங்கைக் கொன்றுவிடுவார்களோ என்ற அச்சம், அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்ற வெட்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து இரவில் காரின் பின்பெட்டியைத் திறக்க வைக்கின்றன. கால்வாய்க்கரையில் யாரும் பெயர் கேட்பதில்லை. அதைவிட எளிதான, அதைவிடக் கௌரவமான ஒரு வாயிலை அரசு திறந்துவைத்தாலன்றி, அபராதத்தை எவ்வளவு உயர்த்தினாலும் அது கால்வாய்க்கரையின் இருளையே அடர்த்தியாக்கும். 2021இல் புளோரிடா, பச்சை இகுவானாவையும் தேகு பல்லியையும் உள்ளிட்ட 16 ஊர்வன இனங்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தபோதும், ஏற்கெனவே வீட்டில் இருந்த இகுவானாவுக்கும் தேகுவுக்கும் கட்டணமின்றி அனுமதி பெற்று, தோலுக்கடியில் அடையாளச் சில்லு பொருத்தி, அவற்றின் ஆயுள் முடியும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று இடம் விட்டது.

காட்டில் பரவிவிட்ட பிறகு எந்த மன்னிப்பும் பயன்படாது என்பதற்கும் புளோரிடாவே சாட்சி. அந்தச் சாட்சியத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இருளர் சமூகத்துப் பாம்புபிடி வல்லுநர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இன் தொடக்கத்தில் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, வந்த இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். புல்லின் சாய்வையும் மண்ணின் தடத்தையும் எச்சத்தையும் படித்துப் பாம்பிருக்கும் இடத்தை அறியும் அவர்களின் அறிவு, பிறந்த மண்ணுக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் அப்பாலும் செல்லுபடியானது. இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஒரு மாநிலம், தன் வீடுகளிலிருந்து வெளியேறிய பாம்புகளைத் தேட உலகின் மறுகோடியிலிருந்து ஆளைத் தருவிக்க வேண்டியிருந்தது என்பது, ஒப்படைப்பு வாயில் 20 ஆண்டுகள் முன்பே திறந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று எண்ண வைக்கிறது.

வாயில் திறந்தால் போதாது; அதன் மறுபக்கத்தில் ஏற்பவர் ஒருவர் நிற்க வேண்டும். நாயைத் தத்தெடுப்பதற்கும் ஊர்வனவற்றைத் தத்தெடுப்பதற்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு இருக்கிறது. நாய் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. எனவே மனிதர் வாழும் அறையில் அதுவும் வாழ்ந்துவிடும். ஊர்வன தம் வெப்பத்தைச் சுற்றுச்சூழலிலிருந்து பெறுபவை. ஒரு முனையில் சூடும் மறுமுனையில் குளிர்ச்சியுமாக அமைந்த கூண்டில், வேண்டும்போது சூட்டுக்கும் வேண்டாதபோது நிழலுக்கும் நகர்ந்தே அவை செரிக்கின்றன, நோயை எதிர்க்கின்றன. இந்தப் படிநிலை வெப்பம் இல்லாத கூண்டில் உணவு வயிற்றிலேயே அழுகும். எனவே ஏற்பவர் பெறுவது ஒரு விலங்கை மட்டுமன்று. அந்த விலங்கின் தாயகத்து வெயிலையும் ஈரத்தையும் மண்ணையும் ஓர் அறையின் மூலையில் ஆண்டுக்கணக்கில் நிலைநிறுத்தும் பொறுப்பையும் சேர்த்தே பெறுகிறார்.

ஒளியின் செய்தி இன்னும் நுட்பமானது. பகலில் நடமாடும் பல்லிகளும் ஆமைகளும், சூரிய ஒளியிலுள்ள புறஊதா-பி கதிர் தோலில் படுவதால்தான் வைட்டமின் டி3 உண்டாக்கி, உண்ணும் சுண்ணாம்புச் சத்தை எலும்பில் சேர்க்கின்றன. இக்கதிர் சன்னல் கண்ணாடியை ஊடுருவாது. ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் பளிச்சென்ற வெயிலில் வைக்கப்பட்ட இகுவானாவும் உள்ளூர எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம். தாடை மெத்தென்றாவதும் கால்கள் வீங்கி வளைவதும் நடுக்கம் காண்பதும் இந்தக் குறைபாட்டின் அடையாளங்கள். ஒப்படைக்கப்படும் விலங்குகளைப் பரிசோதிக்கும் மருத்துவர்களுக்கு இவை மிகப் பழகிப்போனவை. இதற்கென விற்கப்படும் சிறப்பு விளக்குகளும், கண்ணுக்கு ஒளி குறையாமலே, ஓராண்டுக்குள் அக்கதிரை இழந்துவிடுவதால், விளக்கு எரிகிறதே என்று இருந்துவிடுபவரின் விலங்கும் நோயுறுகிறது. அன்பின்மையால் நோயுற்றவற்றைவிட, அன்போடு தவறாக வளர்க்கப்பட்டு நோயுற்றவையே மிகுதி என்று கருத இடமுண்டு.

ஊர்வன தம் துன்பத்தை வெளிக்காட்டாத இயல்பின. காட்டில் நோயைக் காட்டும் விலங்கு இரையாகிவிடும் என்பதால் அவை கடைசிவரை இயல்பாகவே தோன்ற முயல்கின்றன. குறைந்த வளர்சிதைமாற்றம் காரணமாக, வாரக்கணக்கில் உண்ணாமலும் உயிர் தரித்திருக்கின்றன. வாங்கியவர் அசைவின்மையை அமைதி என்று கொள்கிறார். ஆகவே ஏற்பவர் முதலில் செய்ய வேண்டியது பழைய வரலாற்றைக் கேட்டறிவது: வயது, உணவு, கடைசியாக உண்ட நாள், கடைசியாகத் தோல் உரித்த நாள், விளக்கின் வகை, கூடவே வாழ்ந்த பிற விலங்குகள். குற்றவாளியைப் போல விசாரிக்கப்படுபவர் இவற்றை மறைப்பார். நன்றியோடு கேட்கப்படுபவர் சொல்வார். மன்னிப்பு இங்கேயும் மருத்துவப் பயன் தருகிறது.

அடுத்தது தனிமைப்படுத்தல். வீட்டில் ஏற்கெனவே ஊர்வன இருந்தால், புதியதை வேறோர் அறையில், வேறு பாத்திரங்களோடு இரண்டு மூன்று மாதங்கள் வைத்துப் பார்ப்பது அனுபவமுள்ளோர் வழக்கம். பாம்புகளின் செதில்களுக்கிடையே வாழும் சிற்றுண்ணிகள் வெறும் கண்ணுக்கே தெரியும்; ஆனால் மலைப்பாம்புகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் நிடோவைரஸும், சிறுத்தைப் பல்லிகளை உருக்குலைக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியும் நலமாகத் தோன்றும் விலங்கிலும் மறைந்திருக்கும். தத்தெடுத்த ஒரு பாம்பினால் வீட்டிலிருந்த பிற பாம்புகளையும் இழக்க நேரிடலாம். மனிதருக்கும் காவல் வேண்டும்: சால்மொனெல்லாவின் காரணமாக, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் ஊர்வன வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. இதற்குப் பிறகு தேவைப்படுவது பொறுமை. இடம் மாறிய பந்து மலைப்பாம்பு மாதக்கணக்கில் உணவை மறுப்பது உண்டு. எடை பெரிதும் குறையாதவரை அதைத் தொடாமல், ஒளிந்துகொள்ள இடம் தந்து காத்திருப்பதே மருந்து.

இத்தகைய ஏற்பாளர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலரே. பிரிட்டனின் கென்ட் பகுதியில் 2018இல் தொடங்கப்பட்ட ஊர்வன நல மையம், ஜெர்மனியில் மியூனிக் நகரத்து ஊர்வனப் புகலிடம் போன்ற நிறுவனங்கள் இடைநிலையமாக நின்று உதவுகின்றன. எனினும் பல பத்தாண்டுகள் வாழும் விலங்குக்கு இடைநிலையம் எளிதில் கடைசி நிலையமாகிவிடுகிறது. நிறுவனங்களுக்கே இடம் போதாமற்போவதைச் சென்னைக்கு அருகிலேயே காணலாம்: அழிவின் விளிம்பிலிருந்த முதலைகளைக் காக்க 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை, தன் வெற்றியினாலேயே சதுப்பு முதலைகள் பெருகி இடநெருக்கடிக்கு உள்ளாகி, அவற்றுள் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப நேர்ந்தது.

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலம் இதற்கு மற்றொரு பாடம் வைத்திருக்கிறது. அங்கே தத்துக் கொடுக்கப்படுவது அயல் விலங்கு அன்று. அந்நிலத்துக்கே உரிய பாலை ஆமை. மொஹாவி பாலைவனத்து ஆமைகள் 1990இல் அழியும் அபாயத்திலுள்ளவையாக அறிவிக்கப்பட்ட பின்னும், முன்பே வீட்டுத் தோட்டங்களில் வளர்ந்தவை முட்டையிட்டுப் பெருகிக்கொண்டே இருந்தன. காட்டில் அருகிவரும் ஓர் இனம் வீட்டில் மிகுந்து வழிந்தது. மிகுந்தவற்றைக் காட்டில் விட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் வளர்ப்பு ஆமைகளின் மூச்சுக்குழாயில் தங்கும் மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் காட்டு ஆமைகளைத் தாக்கும் என்பதால், அவற்றை விடுவது குற்றம். எனவே அரிசோனாவில் மாநில வனவிலங்குத் துறையே தத்துத் திட்டம் நடத்துகிறது. வளை அமைத்து, வேலியிட்டு, நாயும் நீச்சல்குளமும் அணுகாதபடி தோட்டத்தைத் தயாரித்துக் காட்டியவருக்கே ஆமை தரப்படும். அண்டை மாநிலமான நெவாடா 2013 முதல் புதிதாக வளர்ப்போர் வீட்டுக்கு ஓர் ஆமை மட்டுமே என்று வரையறுத்தது. இரண்டாவது ஆமை இல்லையேல் பெருக்கத்துக்கும் வாய்ப்புக் குறைவு. பெருக்கத்தை நிறுத்தாத தத்துத் திட்டம், ஓட்டைப் பானையில் நீர் இறைப்பதற்கு ஒப்பானது என்பதை அம்மாநிலங்கள் பட்டறிந்தே கண்டுகொண்டன.

சிவப்புக்காது ஆமையிடம் திரும்பினால், சட்டத்தின் இருவேறு போக்குகள் தெரிகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் அதன் இறக்குமதியை நிறுத்திய பிறகு, 2016இல் அதன் எல்லாத் துணையினங்களையும் ஊடுருவல் இனப் பட்டியலில் சேர்த்து, விற்பது, இனம்பெருக்குவது, கைமாற்றுவது ஆகிய அனைத்தையும் தடுத்தது. முன்பே வளர்த்தவர் அதன் இயற்கை மரணம்வரை வைத்துக்கொள்ளலாம்; வைத்துக்கொள்ள முடியாதவரிடமிருந்து நாடுகள் அதை ஏற்கும் வசதியைத் தரலாம் என்றும் விதி கூறியது. ஆனால் அடுத்த வீட்டுக்காரருக்கு அதை அன்பளிப்பாகத் தரும் வழி அடைபட்டதால், சுமை முழுவதும் புகலிடங்களின் மேல் விழுந்தது. ஜப்பான் இதையே ஆழ்ந்து எண்ணியிருக்க வேண்டும். பச்சை ஆமை என்று பொருள்படும் மிதோரிகாமே என்ற செல்லப்பெயரால் தலைமுறைகள் அறிந்த அந்த ஆமையை முற்றாகத் தடை செய்தால், அஞ்சிய மக்கள் ஒரே நேரத்தில் ஆறுகளில் கொண்டுபோய் விட்டுவிடுவர் என்ற கவலையால் அந்நாடு நெடுங்காலம் தயங்கியது. இறுதியில் 2023 ஜூன் 1 முதல், நிபந்தனையோடு கூடிய ஊடுருவல் இனம் என்ற புதிய வகையை உருவாக்கி, இறக்குமதியையும் விற்பனையையும் நீர்நிலையில் விடுவதையும் தடுத்துவிட்டு, வீட்டில் வளர்ப்பதையும் விலையின்றி இன்னொருவருக்குக் கொடுப்பதையும் அனுமதித்தது. பணம் கைமாறக்கூடாது, விலங்கு கைமாறலாம் என்ற இந்தப் பிரிப்பு, பார்வைக்குச் சிறிதாயினும், ஒப்படைப்பின் உயிர்நாடியைத் தொட்டுவிட்டது.

இந்தியாவில் நிலைமை வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டு ஆமைகளை வளர்ப்பதையும் விற்பதையும் தடுத்ததால், வண்ணமீன் கடைகள் சட்டத்தின் கண்ணில் படாத அயல்நாட்டு ஆமையைத் தொட்டியில் வைத்தன. தாய்லாந்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பயணிகளின் பெட்டிகளில் மறைத்துக் கொண்டுவரப்பட்ட சிவப்புக்காது ஆமைக் குஞ்சுகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் பலமுறை கைப்பற்றி, வந்த நாட்டுக்கே திருப்பியனுப்பியிருக்கின்றனர். கைப்பற்றப்படாதவை வளர்ந்தன. 2018இல் கேரளத்தின் திருச்சூருக்கு அருகே ஒரு கால்வாயில் இந்த ஆமை கண்டெடுக்கப்பட்டதையடுத்து, கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் வீடுகளிலும் நீர்நிலைகளிலும் இருப்பவற்றைத் திரட்டும் முயற்சியில் இறங்கியது. 2020இல் குவாஹாத்தியின் உக்ரதாரா கோயில் குளத்திலும் அது காணப்பட்டது. கோயில் குளத்தில் விடுபவர் தீங்கு எண்ணிச் செய்வதில்லை. உயிருக்கு விடுதலை தருவதாக எண்ணியே செய்கிறார். சிங்கப்பூரிலும் வெசாக் திருநாளையொட்டி உயிர்களை நீரில் விடும் வழக்கம் இருப்பதால், அந்நாட்டுத் தேசியப் பூங்காக் கழகம் விடுவிக்காதீர் என்று ஆண்டுதோறும் பரப்புரை செய்ய வேண்டியிருக்கிறது. குளிரால் முட்டைகள் பொரிவது அரிதான வட ஐரோப்பாவைப் போலன்றி, தென்னிந்தியக் குளத்தில் இந்த ஆமைக்கு எந்தப் பருவமும் தடையில்லை. இந்த ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது, முட்டை அடைகாக்கும் வெப்பத்தால் முடிவாவது. ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பெண் குஞ்சுகளே மிகுதியாகப் பிறக்கும் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜூனில் வெளியிட்ட அறிவுரை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் இடம்பெற்ற அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர், ஆறு மாதத்துக்குள் தாமாகத் தெரிவித்தால் ஆவணம் கேட்கப்படமாட்டாது என்றது. அது புளோரிடாவின் மன்னிப்புக்கு நெருங்கிய உறவு; ஆனால் அது வைத்திருப்பதற்கான மன்னிப்பே ஒழிய, ஒப்படைப்பதற்கான வாயில் அன்று. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் அதன்கீழ் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும், இத்தகைய உயிரினங்களைப் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்வதையும், பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதையும் கட்டாயமாக்கின. அதே திருத்தம், ஊடுருவும் அயல் இனங்களின் இறக்குமதி, வணிகம், உடைமை ஆகியவற்றை ஒழுங்குபடுத்தவோ தடுக்கவோ மத்திய அரசுக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. உடைமை என்ற அந்தச் சொல்லில்தான் கவனம் தேவை. அதைத் தடுப்பதாக அறிவித்துவிட்டு, ஒப்படைக்க மாவட்டத்துக்கு ஓர் இடத்தையாவது காட்டாவிட்டால், அறிவிப்பு வந்த வாரத்திலேயே ஏரிக்கரைகளில் என்ன நடக்கும் என்று கணிக்க ஜப்பானியரின் தயக்கமே போதும்.

உள்நாட்டு இனங்களுக்கு நிலைமை வேறு. நட்சத்திர ஆமை 2019இல் பன்னாட்டு உடன்படிக்கையின் முதற்பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதை இந்தியச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்தது. அதைத் தத்தெடுக்க எந்தத் தனிமனிதருக்கும் உரிமையில்லை. வீட்டில் இருப்பது தெரிந்தால் வனத்துறையிடமே சேர்க்க வேண்டும். சேர்த்த பின்னும் அதன் பயணம் எளிதன்று. சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் 2018இல் விமானத்தில் பெங்களூருவுக்குத் திரும்பியபோது, தனிமைப்படுத்தலும் நோய்ப் பரிசோதனையும் காட்டு வாழ்வுக்குப் படிப்படியான பழக்கமும் தேவைப்பட்டன. இந்த நெடும்பாதையை நடத்தும் திறன் நிறுவனங்களுக்கே உண்டு. தனிமனிதர் செய்யக்கூடியது, வைத்திருப்பதை மறைக்காமலிருப்பதும், காட்டில் தாமே விட்டுவிடாமலிருப்பதும் மட்டுமே.

எனவே இந்தியாவில் தத்தேற்புக்கு உண்மையான இடம், காட்டுக்கும் திரும்ப முடியாத, தாயகத்துக்கும் அனுப்ப முடியாத அயல்நாட்டு விலங்குகளிடம்தான் இருக்கிறது. அவற்றுள் எண்ணிக்கையில் மிகுந்த சிவப்புக்காது ஆமைக்குத் தேவைப்படுவது பெரிய வசதியன்று: தப்ப முடியாத சுவருள்ள தொட்டி, வெயில் படும் திட்டு, வடிகட்டப்பட்ட நீர், முட்டையிட்டால் அவற்றை அகற்றும் கவனம், தனக்குப் பிறகு அதை ஏற்பவரின் பெயர். கடைசியாகச் சொன்னதே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. 2020இல் ஒரு கடையின் தொட்டியிலிருந்து வீட்டுக்கு வந்த 3 சென்டிமீட்டர்க் குஞ்சு 2050இலும் உயிரோடு இருக்கக்கூடும். அதை வாங்கித் தந்த பெற்றோர் முதியவர்களாகியிருப்பர், ஆசைப்பட்டுக் கேட்ட பிள்ளை வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம், ஆமை அதே மொட்டைமாடித் தொட்டியில் கழுத்தை நீட்டி உணவுக்குக் காத்திருக்கும்.